மூக்கு ஆபரேஷன்: எது அவசியம், எது அலங்காரம்?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் சுகாதாரக் குழு சார்பில் பேசியது)



சேமிப்பு, கடன், வசூல் என்று பேசும் நாம் இன்று மூக்கைப் பற்றிப் பேசப் போகிறோம். சிரிக்காதீங்க, காரணம் இருக்கு. "பொண்ணுக்கு மூக்கு சப்பையா இருக்காம், மாப்பிள்ளை வீட்ல ஒரு மாதிரி பேசுறாங்க. ஆபரேஷன் பண்ணிட்டா நல்லது" என்று உள்கடன் கேட்கும் பேச்சு சில குழுக்களில் வந்திருக்கிறது. செல்போனைத் திறந்தாலும் அதே விளம்பரம்தான். கேட்டவுடன் "அழகுக்கெல்லாம் கடன் கிடையாது" என்று சொல்லிவிடலாம். ஆனால் மூக்கு ஆபரேஷன் என்ற ஒரே பேருக்குள் மூன்று வேறு வேறு விஷயங்கள் இருக்கின்றன. அது தெரியாமல் கொடுத்தாலும் தப்பு, மறுத்தாலும் தப்பு.

முதலில் மூக்கு எப்படி இருக்கிறது என்று பார்ப்போம். மேல் பகுதி எலும்பு. கீழ்ப் பகுதி குருத்தெலும்பு, காது மடல் மாதிரி வளைந்து கொடுக்கும். உள்ளே இரண்டு துவாரத்தையும் பிரிப்பது நடுச்சுவர். "மூக்கு எலும்பு வளைஞ்சிருக்கு" என்று சொல்வோமே, பெரும்பாலும் வளைந்திருப்பது இந்தச் சுவர்தான்.

முதலாவது, மூச்சுக்காகச் செய்வது. நடுச்சுவரில் கொஞ்சம் வளைவு நம்மில் பலருக்கும் உண்டு. தொந்தரவு இல்லையென்றால் எதுவும் செய்ய வேண்டாம். வருஷக் கணக்கில் ஒரு பக்கம் அடைத்தே இருக்கிறது, ராத்திரியெல்லாம் வாயால் மூச்சு விடுகிறாள் என்றால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டணும். அலர்ஜியால் வரும் அடைப்பு மருந்திலேயே குறையலாம். குறையாவிட்டால்தான் நடுச்சுவரை நேராக்கும் ஆபரேஷன். இதற்கு செப்டோபிளாஸ்டி என்று பெயர். எல்லாம் மூக்கின் உள்ளே நடப்பது. வெளித் தோற்றம் பொதுவாக மாறாது. இது அழகு ஆபரேஷன் இல்லை, வைத்தியம்.

இரண்டாவது, கெட்டதைச் சரி செய்வது. விபத்தில் நசுங்கிய மூக்கு, தீக்காயம், புற்றுநோய்க்காக வெட்டி எடுத்த மூக்கு, உதட்டுப் பிளவோடு பிறந்த குழந்தையின் மூக்கு எல்லாம் இதில் சேரும். இது நம் நாட்டுக்குப் புதிதல்ல. சுசுருதர் பெயரில் உள்ள பழைய வைத்திய நூலிலேயே அறுபட்ட மூக்கைத் திரும்பச் செய்யும் முறை சொல்லப்பட்டிருக்கிறது. மூக்கறுபட்ட ஒரு மாட்டு வண்டிக்காரருக்கு, நெற்றித் தோலை இறக்கி நம் நாட்டு வைத்தியர் மூக்கு செய்த செய்தி 1794இல் லண்டன் பத்திரிகையில் வந்தது. அதைப் படித்துத்தான் அங்குள்ள டாக்டர்கள் கற்றுக்கொண்டார்கள். நெற்றித் தோலை எடுத்துச் செய்யும் முறை இன்றும் இருக்கிறது.

இங்கே ஒரு விஷயத்தை ஞாபகம் வையுங்க. மூக்கில் பலமாக அடிபட்டால், ரத்தம் நின்றுவிட்டது என்று சும்மா இருக்கக் கூடாது. அன்றைக்கே டாக்டரிடம் காட்டணும். உள்ளே ரத்தம் கட்டினால் நடுச்சுவரே கெட்டுப்போகும். எலும்பு விலகியிருந்தால் சுமார் இரண்டு வாரத்துக்குள் சுலபமாகச் சேர்த்துவிடலாம். தள்ளிப் போட்டால் பெரிய ஆபரேஷன் ஆகிவிடும். மூக்குத்தி துவாரம் கிழிந்தால் தைப்பது சின்ன வேலைதான், மரத்துப்போக ஊசி போட்டே செய்வார்கள். உதட்டுப் பிளவுக்கு ஸ்மைல் ட்ரெயின் என்ற அமைப்பின் உதவியோடு பல மருத்துவமனைகளில் இலவசமாகச் செய்கிறார்கள்.

மூன்றாவது, தோற்றத்துக்காக மட்டும் செய்வது. இதை ரைனோபிளாஸ்டி என்கிறார்கள். இதில் இரண்டு வழி. மூடிய முறையில் வெட்டெல்லாம் மூக்கின் உள்ளேயே. வெளியே தழும்பு இருக்காது. திறந்த முறையில் இரண்டு துவாரத்துக்கும் நடுவே கீழே சின்னதாக வெட்டித் தோலைத் தூக்கிச் செய்வார்கள். டாக்டருக்கு உள்ளே நன்றாகத் தெரியும். மூக்கு நுனியைத் திருத்தவும், ஏற்கெனவே செய்து கெட்டுப்போனதைச் சரி செய்யவும் இது ஏற்றது. சின்னத் தழும்பு ஒன்று இருக்கும், நாளாக நாளாக மங்கும். எந்த முறை என்பதை மூக்கின் குறையை வைத்து டாக்டர் முடிவு செய்யணும், விளம்பரம் முடிவு செய்யக் கூடாது.

சப்பை மூக்கை உயர்த்த நம் உடம்பிலிருந்தே காது, விலா அல்லது நடுச்சுவர்க் குருத்தெலும்பை எடுத்து வைப்பார்கள். சிலர் சிலிக்கான் வைப்பார்கள். அதில் சில பேருக்குச் சீழ் பிடிக்கலாம், தோலைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரலாம்.

"கத்தியே வேண்டாம், ஒரே ஊசி" என்பது ஃபில்லர் ஊசி. சில மாதங்களிலோ ஒன்றரை வருஷத்துக்குள்ளோ கரைந்துபோகும், திரும்பப் போடணும். மூக்கில் போடும் ஊசி ரத்தக் குழாயை அடைத்தால் தோல் அழுகலாம், கண் பார்வையே போகலாம். அபூர்வம்தான், ஆனால் போன பார்வை பெரும்பாலும் திரும்பாது. பியூட்டி பார்லரில் இந்த ஊசியைப் போட்டுக்கொள்ளவே கூடாது.

வயசும் முக்கியம். பெண் பிள்ளைகளுக்கு மூக்கு வளர்ந்து முடியவே சுமார் 15, 16 வயசாகும். அதுக்கு முன்னாடி அழகுக்காகக் கை வைக்கக் கூடாது. இன்னொன்று, கட்டுப் பிரித்த அன்றைக்கே புது மூக்கு வந்துவிடாது. வீக்கம் முழுசாக வடிந்து வடிவம் தெரிய ஒரு வருஷம் ஆகலாம். அடுத்த மாசம் கல்யாணம் என்று இந்த மாசம் செய்வது வீண். நூற்றுக்கு 5 முதல் 15 பேர் வரை மறுபடி ஆபரேஷனுக்குப் போக வேண்டி வருகிறது. முதல் கடன் அடைவதற்குள் இரண்டாவது செலவு வந்து நிற்கும்.

ஆகவே கடன் மனு வந்தால் குழுவில் உட்கார்ந்து இந்தக் கேள்விகளைக் கேட்போம்:

1. மூச்சுக்கா, காயத்துக்கா, அழகுக்கா? டாக்டர் சீட்டு இருக்கிறதா?

2. அரசு மருத்துவமனையில் காட்டியாச்சா? மூச்சுக்கோ காயத்துக்கோ என்றால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் பொருந்துமா என்று அங்கேயே கேட்டாச்சா? அழகுக்கு மட்டும் என்றால் அது பொருந்தாது.

3. செய்யப்போகிறவர் யார்? எம்.பி.பி.எஸ். முடித்து, பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது காது மூக்கு தொண்டையில் எம்.எஸ். படித்தவரா?

4. மயக்க மருந்து, மருந்து மாத்திரை, மறு ஆபரேஷன் எல்லாம் சேர்த்து மொத்தச் செலவு எவ்வளவு? எழுத்தில் வாங்கியாச்சா?

5. இது அந்தப் பெண்ணின் ஆசையா, மாப்பிள்ளை வீட்டாரின் ஆசையா?

கடைசிக் கேள்வியை அந்தப் பெண்ணிடமே தனியாகக் கேட்கணும். தன் சம்பாத்தியத்தில், தானே விரும்பி, எல்லாம் தெரிந்து ஒரு பெண் செய்துகொண்டால் அது அவள் இஷ்டம். நாம் கேலி பேச வேண்டாம். ஆனால் மாப்பிள்ளை வீட்டார் சொன்னதற்காக மூக்கை வெட்டிக்கொள்வது வரதட்சணைக்கு இன்னொரு பேர். பவுன் கேட்டவர்கள் இப்போது மூக்கையும் கேட்கிறார்கள். அதுக்கு நம்ம சேமிப்பிலிருந்து ஒரு ரூபாய்கூடப் போகக் கூடாது.

அதே சமயம் மூச்சு முட்டுகிற பிள்ளையையும், காயப்பட்ட முகத்தோடு வெளியே வரக் கூச்சப்படுகிற பெண்ணையும் "அழகுக்கா கேக்குற" என்று திருப்பி அனுப்பக் கூடாது. அவர்களுக்கு அவசரக் கடன் கொடுப்போம், ஆஸ்பத்திரிக்குக் கூடவே ஒருவர் போவோம்.

இந்த ஐந்து கேள்விகளையும் உங்கள் குழுவின் அடுத்த கூட்டத்தில் படித்து, தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.