கதவு நிலை கோணலாகத் தெரிந்தால்

(நமது சங்கத்தின் மூத்த குடியிருப்போர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். வர முடியாதவர்கள் கேட்டதால் இந்த இதழில் வெளியாகிறது.)



நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு 36 வருஷம் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்தவன். கண்ணைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், என் வீட்டில் இருக்கும் என் அக்காதான் தகுதி. அவரிடம் கேட்டு, "தாராளமா சொல்லு தம்பி, இன்னொருத்தருக்காவது உதவட்டும்" என்று அவர் சொன்ன பிறகே பேசுகிறேன்.

அக்கா திருவையாற்றில் இருந்தபோது நடந்தது இது. மார்கழியில் ஒரு நாள் போனேன். "வாசக்கால் நிலை கோணலா இருக்கே தம்பி, கரையான் அரிச்சிடுச்சா பாரு" என்றார். நான் ஆசாரியைக் கூட்டி வந்து காட்டினேன். அவர் தட்டிப் பார்த்துவிட்டு, "நிலை நல்லா நேரா இருக்குங்க" என்று போய்விட்டார். அடுத்து, புள்ளி வைத்தால் கோலத்தில் வரிசை வளைகிறது என்றார் அக்கா. புரை ஆபரேஷன் ஏற்கெனவே ஆனவர். பவர் மாறியிருக்கும் என்று கடையில் கண்ணாடி மாற்றினோம். பொங்கல் போகட்டும், சம்பா அறுவடை முடியட்டும் என்று நான்தான் தள்ளிப்போட்டேன். ஐந்து மாதம் ஓடிவிட்டது. கடைசியில் விழித்திரை டாக்டரிடம் போனபோது, இடது கண்ணின் நடுவில் கசிவு ஏற்பட்டுத் தழும்பாகியிருந்தது. "வளைஞ்சு தெரிஞ்ச வாரமே வந்திருக்கணும்" என்றார் டாக்டர். கோணலானது நிலை இல்லை, அக்காவின் கண் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

இந்த நோய்க்கு வயது சார்ந்த மாகுலா சிதைவு என்று பெயர். ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து ஏ.எம்.டி. என்பார்கள். கண்ணுக்குப் பின்னால் உள்ள விழித்திரையின் நடுவில், சுமார் 5 மில்லிமீட்டர் அகலத்தில் இருக்கும் இடம்தான் மாகுலா. படிப்பது, முகத்தை அடையாளம் காண்பது, ஊசியில் நூல் கோர்ப்பது, அரிசியில் கல் பொறுக்குவது எல்லாம் அந்த இடத்தின் வேலை. அது கெட்டால் நடுப்பார்வை மங்கும், ஓரப்பார்வை இருக்கும். புரை என்பது கண்ணுக்கு முன்பக்கத்தில் உள்ள லென்ஸ் மங்குவது. அதை எடுத்து வேறு லென்ஸ் வைக்கலாம். மாகுலாவுக்கு மாற்று இல்லை.

இதில் இரண்டு வகை உண்டு. உலர் வகை மெதுவாக, பல வருஷத்தில் கூடும். பெரும்பாலோருக்கு வருவது இதுதான். ஈர வகையில், விழித்திரைக்கு அடியில் புதிதாக முளைக்கும் ரத்தக்குழாய்கள் கசியும். இது சில வாரங்களிலேயே பார்வையைக் கெடுத்துவிடும். ஆனால் இதற்கு மருந்து இருக்கிறது. கண்ணுக்குள் போடும் ஊசி என்றதும் பயப்பட வேண்டாம். சொட்டு மருந்தால் மரத்துப்போகச் செய்து, சில நிமிஷத்தில் முடித்துவிடுகிறார்கள். ஆரம்பத்தில் மாதம் ஒன்று, பிறகு டாக்டர் சொல்லும் இடைவெளியில் போட வேண்டும். ராணிபிசுமாப் என்ற மருந்துக்கு 2006-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பெருங்குடல் புற்றுநோய்க்காக 2004-இல் வந்த பெவாசிசுமாப் மருந்தையும் இதற்குப் பயன்படுத்துகிறார்கள். இரண்டையும் ஒப்பிட்ட பெரிய ஆய்வு 2011-இல் வந்தது, பார்வையைக் காப்பதில் இரண்டும் ஏறக்குறைய சமம் என்று. விலையில் பெரிய வித்தியாசம் உண்டு. ஆகவே செலவுக்குப் பயந்து நிறுத்திவிடாமல், "வேற மருந்து இருக்கா டாக்டர்?" என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

ஊசி போட்டும் பழையபடி தெரியவில்லை என்று இரண்டோடு நிறுத்துபவர்கள் பலர். முக்கியமாக, இருப்பதைக் காப்பாற்றத்தான் ஊசி. பயிர் கருகிய பிறகு தண்ணீர் விடுவதற்கும், வாடும்போது விடுவதற்கும் உள்ள வித்தியாசம் நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. ஸ்விட்சர்லாந்து கண் டாக்டர் மார்க் ஆம்ஸ்லர் வகுத்தது. 10 சென்டிமீட்டர் சதுரத்தில் 5 மில்லிமீட்டர் கட்டங்கள், நடுவில் ஒரு புள்ளி. டாக்டரிடம் கேட்டால் அச்சடித்த தாள் தருவார். படிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சுமார் ஓர் அடி தூரத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடி மற்ற கண்ணால் நடுப்புள்ளியைப் பார்க்க வேண்டும். கோடு வளைந்தாலோ, ஒரு பக்கம் அழிந்தது போலத் தெரிந்தாலோ உடனே டாக்டரிடம் போங்கள். ஒவ்வொரு கண்ணாகப் பார்ப்பது அவசியம். இரண்டையும் திறந்து பார்த்தால் நல்ல கண் மற்றதன் குறையை மூடிவிடும்.

எங்கள் வீட்டில் அந்தத் தாளை பிரிட்ஜ் மேல் ஒட்டியிருக்கிறோம். இரண்டு வருஷம் கழித்து ஒரு காலை, "வலது கண்ணுலயும் மேல் வரி நெளியுது" என்றார் அக்கா. அந்த வாரமே ஊசி போட்டோம். அந்தக் கண்ணால்தான் இன்று அக்கா பெரிய எழுத்துப் புத்தகம் படிக்கிறார். ஐந்து மாதத்துக்கும் ஐந்து நாளுக்கும் உள்ள வித்தியாசம் ஒரே முகத்தில் இரண்டு கண்ணாக எங்கள் வீட்டில் இருக்கிறது.

டாக்டரிடம் போகும்போது எந்தக் கண், எந்தத் தேதி முதல், என்ன தெரிகிறது என்று எழுதிக்கொண்டு போங்கள். இதற்கு நம் தஞ்சாவூரில் நல்ல முன்மாதிரி உண்டு. 1798 முதல் 1832 வரை இருந்த சரபோஜி மன்னர் காலத்துக் கண் நோயாளிகளின் குறிப்புகள், கண்ணின் வண்ணப் படங்களோடு, சரஸ்வதி மகாலில் இருக்கின்றன. இருநூறு வருஷத்துக்கு முன்பே கண்களைப் படம் வரைந்து பதிவு செய்திருக்கிறார்கள். நாம் ஒரு டைரி எழுதக் கூடாதா?

தடுப்பு பற்றிக் கேட்கிறீர்கள். வயதையும் பரம்பரையையும் மாற்ற முடியாது. புகைப்பதை நிறுத்த முடியும். அதுதான் நம் கையில் உள்ள மிகப் பெரிய விஷயம். முருங்கை, பொன்னாங்கண்ணி போன்ற கீரைகள் நல்லது, ஆனால் கீரை சாப்பிட்டுக் கசிவு நிற்காது. நடுத்தர நிலைக்கு வந்துவிட்டவர்களுக்கு, நோய் முற்றும் வாய்ப்பைச் சுமார் கால் பங்கு குறைக்கும் ஒரு வைட்டமின் கலவையை 2001-இல் வந்த அமெரிக்க அரசு ஆய்வு காட்டியது. அதிலிருந்த பீட்டா கரோட்டின் புகைப்பவர்களுக்கு ஆகாது என்பதால், 2013-இல் வந்த அடுத்த ஆய்வுக்குப் பின் லூட்டீன், சியாசாந்தின் சேர்த்தார்கள். ஆரம்ப நிலைக்கோ, வராமல் தடுக்கவோ அது அல்ல. டாக்டர் சொல்லாமல் மெடிக்கலில் வாங்க வேண்டாம்.

இனி, யாரும் பேசாத ஒன்று. ஒரு நாள் ராத்திரி அக்கா என் மனைவியிடம் மெதுவாகக் கேட்டார்: "அந்தச் சுவத்தோரமா பட்டுப்பாவாடை கட்டிக்கிட்டு நாலு குழந்தைங்க உக்காந்திருக்கே, உனக்குத் தெரியுதா?" மூன்று மாதமாகத் தெரிந்திருக்கிறது. பைத்தியம் என்பார்கள், கோடாங்கியிடம் கூட்டிப்போவார்கள் என்று பயந்து வாயே திறக்கவில்லை. டாக்டர் சிரித்துக்கொண்டே, "இதுக்குப் பேரே இருக்கும்மா" என்றார். சார்லஸ் பானே சிண்ட்ரோம். ஜெனீவாவைச் சேர்ந்த பானே என்பவர், பார்வை குறைந்த தன் தாத்தாவுக்கு இப்படி உருவங்கள் தெரிந்ததை 1760-இல் எழுதினார். கண் அனுப்பாத படத்தை மூளை தானே போட்டு நிரப்புகிறது, அவ்வளவுதான். அந்த உருவங்கள் பேசாது. அது நிஜமில்லை என்பது பார்ப்பவருக்கும் தெரியும். விளக்கைப் போட்டால், கண்ணை இப்படியும் அப்படியும் அசைத்தால் பலருக்கு மறையும். குரலும் கேட்கிறது, அது நிஜம்தான் என்று நம்புகிறார் என்றால் மட்டும் வேறு காரணம் இருக்கலாம், டாக்டரிடம் சொல்ல வேண்டும். அன்று அக்கா நிம்மதியாகத் தூங்கினார். உங்கள் வீட்டுப் பெரியவர் யாராவது இப்படித் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டிருக்கலாம். நீங்களாகக் கேளுங்கள்.

என் தொழிலில் நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். பென்ஷன் வாங்க வரும் பெரியவர்களிடம், "கையெழுத்து ஒத்துவரலை, மறுபடி போடுங்க" என்று எத்தனை பேரைத் திருப்பியிருப்பேன்! கோடு தெரியாமல்தான் கோணலாகப் போட்டார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வங்கி விதி அவர்கள் பக்கம்தான். பார்வை குறைந்தவர் என்பதற்காகச் செக் புத்தகம், ஏடிஎம் கார்டு, லாக்கர் எதையும் மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2008-இலேயே சொல்லிவிட்டது. எல்லாக் கிளையிலும் பூதக்கண்ணாடி வைக்க 2014-இல் சொன்னது. 70 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் பார்வை குறைந்தவர்களுக்கும் வீட்டுக்கே வந்து சேவை தர 2017-இல் சொன்னது. கேட்டு வாங்குங்கள்.

நோட்டு விஷயம்: 100, 200, 500 மூன்றும் ஒரே அகலம், நீளத்தில் 4 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். விரலால் ஓரத்தைத் தடவினால் 100-இல் நான்கு சாய்கோடு, 200-இல் நான்கு கோடும் நடுவே இரண்டு வட்டமும், 500-இல் ஐந்து கோடு. நோட்டு பழசானால் தேய்ந்துவிடும். அதற்கு ரிசர்வ் வங்கியின் 'மணி' என்ற இலவசச் செயலி 2020 முதல் இருக்கிறது. போன் கேமராவில் நோட்டைக் காட்டினால் எத்தனை ரூபாய் என்று சொல்லும்.

மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா போன்ற இடங்களில் லோ விஷன் பிரிவு இருக்கிறது. மிச்சமிருக்கும் பார்வையை வைத்து எப்படிப் படிப்பது, எந்த லென்ஸ், எந்த வெளிச்சம் என்று பழக்குவார்கள். "இனி ஒண்ணும் செய்ய முடியாது" என்று யாராவது சொன்னால், அங்கேதான் அடுத்த படி. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் குறைபார்வையும் உண்டு. தகுதி இருந்தால் மருத்துவச் சான்று பெற்று, யூடிஐடி அட்டை எடுத்துக்கொள்ளலாம்.

கடைசியாக நம் குடியிருப்பு. அக்கா இங்கு வந்த புதிதில், "எதிர்ல பார்த்தாலும் சிரிக்க மாட்டேங்கிறாங்க, ரொம்ப கர்வம்" என்று பேச்சு வந்தது. "தரையில கிடக்கிற கொத்தமல்லித் தழை தெரியுது, என் முகம் மட்டும் தெரியலையாக்கும்?" என்றும் கேட்டார்கள். தப்பில்லை, எனக்கே முன்பு தெரியாது. தழை ஓரப்பார்வையில் தெரியும், முகம் நடுப்பார்வையில்தான் தெரியும். அந்தப் பேச்சைக் கேட்ட பிறகு அக்கா ஆறு மாதம் கீழே இறங்கவே இல்லை. கண்ணை விட அதுதான் அவரை அதிகம் முடக்கியது.

ஆகவே சங்கத்துக்கு என் வேண்டுகோள்கள்:

1. ஒவ்வொரு படியின் விளிம்பிலும் மஞ்சள் பெயிண்ட் கோடு போட வேண்டும். எல்லாப் படியும் ஒரே சாம்பல் நிறத்தில் இருப்பதால் கடைசிப் படி தெரிவதில்லை.

2. மாடிப்படி விளக்குகள் மாலை 6 மணிக்கே எரிய வேண்டும்.

3. அறிவிப்புப் பலகையில் பெரிய எழுத்து. தண்ணீர் நிற்கும் நேரம் போன்றவற்றை வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவாகவும் போட வேண்டும்.

4. நடைவழியில் சைக்கிள், செருப்பு ஸ்டாண்டு வைக்கக் கூடாது.

5. இது நம் எல்லோருக்கும். எதிரில் பெரியவர் வந்தால், "மாமி, நான் மூணாவது மாடிப் பொண்ணு" என்று முதலில் யாரென்று சொல்லிவிட்டுப் பேசுங்கள். கையைப் பிடித்து இழுக்காமல், உங்கள் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ளக் கொடுங்கள்.

முதல் நான்குக்குப் பணமோ தீர்மானமோ வேண்டும். ஐந்தாவதை இன்று மாலையே ஆரம்பிக்கலாம். ஆம்ஸ்லர் தாள் இருபது பிரதி எடுத்து வந்திருக்கிறேன், வாசலில் மேஜை மேல் இருக்கிறது. ஆளுக்கு ஒன்று எடுத்துப்போய் பிரிட்ஜில் ஒட்டுங்கள்.