காரில் பெரிய சவுண்ட் சிஸ்டம்: எந்த லித்தியம் பேட்டரி?

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

நம் பேஸ்மென்ட்டில் நிற்கும் சில கார்களில் பெரிய ஆம்ப்ளிஃபயரும் சப்வூஃபரும் ஏறியிருக்கின்றன. அதற்காக லித்தியம் பேட்டரி வைக்கலாமா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். வைக்கவே கூடாது என்று தீர்மானம் போடச் சொல்கிறார்கள் பெரியவர்கள். இரண்டு பக்கத்தாரிடமும் நான் கேட்பது, எந்த லித்தியம்? அந்தப் பெயரில் வேறு வேறு குணமுள்ள பல பேட்டரிகள் விற்கின்றன.

முதலில் தேவை என்ன என்று பார்ப்போம். 2000 வாட் ஆம்ப்ளிஃபயர் முழு வேகத்தில் ஓடினால், சூடாக வீணாவதையும் சேர்த்து 2500 வாட் அளவுக்கு இழுக்கும். 13 வோல்ட்டில் அது சுமார் 190 ஆம்பியர். சின்னக் காரின் ஆல்டர்னேட்டர் பெரும்பாலும் 100 ஆம்பியருக்குள்தான் தரும். மீதியைப் பேட்டரி தர வேண்டும். பழைய லெட் ஆசிட் பேட்டரியில் அப்போது வோல்டேஜ் இறங்கி, பாட்டின் அடிக்கு ஏற்ப ஹெட்லைட் மினுக்கும். லித்தியத்தில் உள்தடை குறைவு, அதனால் தாங்கும்.

இனி வேதியியல். செல் வோல்டேஜ் நம் ஆல்டர்னேட்டரின் 14.4 வோல்ட்டோடு பொருந்துகிறதா என்பதுதான் முக்கியக் கேள்வி.

லேப்டாப்பிலும் பல மின் வாகனங்களிலும் இருப்பது என்எம்சி: நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட். ஒரு செல் நிறைந்தால் 4.2 வோல்ட். மூன்றைத் தொடராக இணைத்தால் 12.6தான். அதில் 14.4 வோல்ட்டை ஏற்றினால் செல்லுக்கு 4.8, தீ வரும் வழி இதுதான். நான்கை இணைத்தால் முழு அளவு 16.8, ஆல்டர்னேட்டர் பாதியளவுதான் நிரப்பும். அதைவிட, அதிகம் சூடானால் இந்த செல் தன்னுள்ளிருந்தே ஆக்சிஜனை வெளியிடும். பழைய வண்டியில் கழற்றிய செல்களை ஒட்டி மலிவாகக் கட்டித் தருபவர்கள் உண்டு. அது நம் கூரைக்குக் கீழே வேண்டாம்.

அடுத்தது எல்எஃப்பி, இரும்பு பாஸ்பேட். செல்லுக்கு 3.2 வோல்ட். நான்கு சேர்ந்தால் 12.8, நிறைந்தால் 14.6. காருக்கென்றே அளவெடுத்தது போல் பொருந்துகிறது. பாஸ்பேட் ஆக்சிஜனை இறுக்கிப் பிடித்திருப்பதால் இது கட்டுக்கடங்காமல் போக இன்னும் அதிகச் சூடு வேண்டும். ஆனால் தீயே பிடிக்காது என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். உள்ளே இருக்கும் திரவம் எரியக்கூடியதுதான். வாங்கும்போது உள்ளே இருக்கும் பிஎம்எஸ் எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று கேளுங்கள். 100 ஆம்பியர் பிஎம்எஸ் பாட்டின் நடுவே துண்டித்துவிடும். இதைப் பழைய பேட்டரியோடு நேராக இணைத்து விடவும் கூடாது. ஓய்வில் இது 13.3 வோல்ட், லெட் ஆசிட் 12.7. இரவு முழுக்க ஒன்று மற்றொன்றுக்குள் வடியும். நடுவில் ஐசோலேட்டர் அவசியம். இறங்கிய எல்எஃப்பி மின்சாரத்தை வெறியோடு உறிஞ்சும், ஆல்டர்னேட்டர் கருகிய கதைகள் பெரும்பாலும் அதனால்தான்.

மூன்றாவது எல்டிஓ, டைட்டனேட். செல்லுக்கு 2.3 வோல்ட், ஆறு சேர்ந்தால் 13.8. 14.4 கொடுத்தாலும் மேல் எல்லையைத் தொடாது. பெரும் மின்னோட்டத்தை அலட்டாமல் தரும், ஆயுளும் மிக நீளம். ஆனால் விலை அதிகம், அதே எடைக்குக் கொள்ளளவு எல்எஃப்பியில் பாதியளவே. ஒலிப் போட்டிக்குப் போகிறவர்களுக்கு இது சரி. இஞ்சினை அணைத்துவிட்டுப் பாட்டுக் கேட்கிறவர்களுக்கு எல்எஃப்பிதான் என் பரிந்துரை.

எந்த பேட்டரியானாலும் அதன் முனையிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் இருக்கட்டும். செம்பு பூசிய அலுமினியக் கேபிள் வேண்டாம், முழுச் செம்பே போடுங்கள். பேஸ்மென்ட் பிளக்கில் லெட் ஆசிட் சார்ஜரை மாட்டி லித்தியத்தை ஏற்றாதீர்கள். காப்பீட்டு நிறுவனத்திடம் இந்த மாற்றத்தைச் சொல்லிவிடுங்கள்.

தூண் வழியாக முதல் மாடிக்கு ஏறும் பேஸ் சத்தத்துக்கு எந்த வேதியியலிலும் மருந்தில்லை, இரவு பத்து மணிக்கு மேல் அணைத்துத்தான் ஆக வேண்டும்!

கூடுதல் பேட்டரி வைத்திருப்பவர்கள் அதன் வகை, கொள்ளளவு, ஃபியூஸ் அளவு மூன்றையும் எழுதி இந்த மாதத்துக்குள் செக்யூரிட்டி அறையில் கொடுங்கள். அவசரத்தில் தீயணைப்புத் துறையினர் முதலில் கேட்கப்போவது அதைத்தான். வகை எழுதாத பெட்டி என்றால் விற்றவரிடமே கேட்டு வாங்கி வாருங்கள்.