நல்லவாட்டின் ஒலிபெருக்கி

திட்டக்குடியில் இருக்கும் நமக்குக் கடல் தூரம்தான். ஆனால் நம் வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் போய்ச் சேரும் கடல், 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியாய்க் கரையேறி வந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம்.

சுமத்ராவுக்கு அருகே பூமி அதிர்ந்தது காலை 6.30 மணி வாக்கில். அலை நம் கரையைத் தொட்டது ஏறக்குறைய 9 மணிக்கு. இடையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. சேதி சொல்லத்தான் ஆளில்லை. பல தேசங்களில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

ஆனால் புதுச்சேரியைச் சேர்ந்த நல்லவாடு என்ற மீனவக் கிராமத்தின் இளைஞர் ஒருவர், சிங்கப்பூரில் வேலையிலிருந்தபடியே சேதியறிந்து வீட்டுக்குத் தொலைபேசியில் எச்சரிக்க, ஊரார் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் தகவல் மையக் கதவை உடைத்து, அங்கிருந்த ஒலிபெருக்கியில் "ஓடுங்கள்" என்று அறிவித்தார்கள். வீடுகளும் படகுகளும் நாசமாயின, ஜனங்கள் பிழைத்தார்கள். கதவை உடைத்தது குற்றம் என்று எவரும் சொல்லத் துணியார்!

வெள்ளாற்றில் வெள்ளம் வந்தால் மேலூர்க்காரர் கீழூருக்குச் சொல்லியனுப்புவாரே, அதே காரியந்தான் இது. சேதி முந்தினால் உயிர் தப்பும்.

இப்போது ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் உண்டு. ஆயினும் கிள்ளையிலோ பரங்கிப்பேட்டையிலோ உறவினர் உள்ள நேயர்கள் இன்றே அவர்களிடம் சொல்லிவையுங்கள்: கடல் திடீரென்று உள்வாங்கினால் வேடிக்கை பார்க்காமல் மேட்டுக்கு ஓட வேண்டும்.