சூரிய ஒளியிற் கருங்கோடுகள்
(சங்கத்தின் வருடாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சூரியன் எப்பொருட்களால் ஆயது? 15 கோடி கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள அதிலிருந்து ஒரு பிடி அள்ளிவந்து ஆய்வுகூடத்திற் சோதித்தல் இயலாத காரியம். எனவே, வானத்து உடுக்களின் இரசாயன அமைப்பை மனிதன் ஒருபோதும் அறியான் என்று பிரெஞ்சுத் தத்துவஞானி ஒகுஸ்த் கொம்ற் 1835இல் எழுதினார். ஆனால், அவர் எழுதுமுன்னரே விடை மனிதர் கண்ணிற் பட்டிருந்தது. அதனை வாசிக்கத்தான் எவருக்கும் தெரியவில்லை.

சூரிய ஒளியை ஒடுங்கிய பிளவொன்றினூடாக விட்டு, முப்பட்டைக் கண்ணாடியாகிய அரியத்தாற் பிரித்தால், வானவில்லின் நிறங்கள் வரிசையாக விரியும். இதனைத் திருசியம் என்பர். இதன் இடையிடையே மெல்லிய கருங்கோடுகள் உள. 1802இல் ஆங்கிலேயரான வொலாஸ்ரன் அவற்றுட் சிலவற்றைக் கண்டார். நிறங்களைப் பிரிக்கும் எல்லைகள் எனக் கருதி அப்பாற் சென்றார்.

அடுத்து வந்தவர் ஜெர்மனியரான யோசேப் பிரவுன்கோபர். இளமையிலேயே தாய்தந்தையரை இழந்து, கண்ணாடி வேலை பழகச் சென்றவர். 1801இல் மியூனிக் நகரில் அவர் வேலை பழகிய வீடு இடிந்து வீழ, 14 வயதுச் சிறுவனாக உயிருடன் மீட்கப்பட்டார். 1814இல் அவரே அரியத்தோடு தொலைகாட்டியையும் சேர்த்து நோக்கி, 500க்கு மேற்பட்ட கோடுகளைக் கண்டு, பிரதானமானவற்றுக்கு எழுத்துக்களாற் பெயரிட்டார். அவற்றின் காரணத்தை அறியாமலே 1826இல், 39ஆம் வயதிற் காலமானார்.

காரணத்தை 1859இல் ஹைடெல்பேர்க் சர்வகலாசாலையில் குஸ்தாவ் கேர்க்கோப் கண்டார். ஆய்வுகூடத்து நீலச் சுவாலையிற் கறியுப்பை இட்டால் அது மஞ்சளாக ஒளிரும். உப்பிலுள்ள சோடியத்தின் நிறம் அது. திருசியத்தில் அம்மஞ்சள் விழும் இடத்திலேயே சூரிய ஒளியில் ஒரு சோடிக் கருங்கோடுகள் உள. கேர்க்கோப் சூரிய ஒளியை உப்புச் சுவாலையினூடாகச் செலுத்தினார். மஞ்சள் ஒளி அவ்விருளை நிரப்பும் என்றே நாம் எண்ணுவோம். மாறாக, கோடுகள் முன்னிலும் கருத்தன! ஒரு மூலகத்தின் வாயு எந்நிறத்தை வீசுமோ, அந்நிறத்தையே தன்னூடு வரும் பிரகாசமான ஒளியிலிருந்து உறிஞ்சும். ஆகவே, சூரியனைச் சூழ்ந்த, வெப்பங் குறைந்த வாயுப் படலத்திற் சோடியம் உண்டு. இவ்வாறே இரும்பு, கல்சியம் முதலியனவும் அங்கிருத்தல் அறியப்பட்டது. கொம்ற் மறைந்து இரண்டே ஆண்டுகள்!

நண்பர்களே, எல்லையென்று கடந்து போதல் எளிது. முடியாதென்று முடிவுகட்டுதல் அதனினும் எளிது. காரணம் விளங்காதபோதும் கண்டதைக் கண்டபடி குறித்துவைத்தான், பெற்றோரற்ற ஒரு தொழிலாளிப் பிள்ளை. ஒளியில்லாத அவ்விடங்களே பின்வந்தோர்க்குச் சூரியனின் செய்தியைச் சொல்லின. படிக்கும் நாமும் அப்பொறுமையைப் பழகுவோமாக.