புது வீட்டில் ஒரு பாடம்

வீடு மாற்றுவதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். பொருள்களை ஏற்றுகிறோம், இறக்குகிறோம், குடியிருக்கிறோம். அவ்வளவுதானே என்பீர்கள். பதினான்கு வயது வரை நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். 1966ஆம் ஆண்டு எங்கள் குடும்பம் கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூருக்குக் குடிபெயர்ந்தபோது நேர்ந்த ஒரு நிகழ்ச்சி அவ்வெண்ணத்தை மாற்றிவிட்டது. அதனையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

எங்களுடையது பெரிய குடும்பம். பாட்டி, பெரியப்பா, பெரியம்மா, என் பெற்றோர், சித்தப்பா, சித்தி, கணவரை இழந்து எங்களோடு வந்து தங்கிவிட்ட அத்தை, குழந்தைகள் ஐவர், ஆகப் பதின்மூவர். கும்பகோணத்து வீடு நீளமானது. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கொல்லை என்று ஒன்றன்பின் ஒன்றாக நேர்கோட்டில் அமைந்தது. அடுத்தடுத்து இரண்டு ஆண்டு பெய்த மழையில் பின்கட்டுச் சுவர் ஊறிச் சரிந்தது. அதனைச் செப்பனிடப் பணம் இல்லை. தந்தையாருக்கும் சித்தப்பாவுக்கும் தஞ்சையில் வேலை. ஆகவே அங்கேயே ஒரு வாடகை வீடு பார்த்தார்கள்.

நல்ல நாள் பார்த்து, சாமான்கள் போகுமுன்பே பெரியம்மாவும் அத்தையும் புது வீட்டிற்குச் சென்று, நிறைகுடமும் உப்பும் மஞ்சளும் அரிசியும் வைத்து, விளக்கேற்றிப் பால் காய்ச்சினார்கள். இதனை வெறும் சடங்கென்று நான் கருதியதுண்டு. எண்ணிப் பார்த்தால், நீர், உப்பு, அரிசி, நெருப்பு, விளக்கு ஆகிய இவை இருந்தால் எத்தனை பெரிய குடும்பமும் முதல் இரவைக் கழித்துவிடலாம். நம் முன்னோர் அறியாமற் செய்யவில்லை.

மறுநாள் லாரி வந்தது. அண்டா, குண்டான், தவலைகள் ஒன்றனுள் ஒன்றாக அடுக்கப்பட்டன. பீங்கான் ஜாடிகளை வைக்கோலில் புதைத்தோம். அம்மியையும் ஆட்டுக்கல்லையும் மூவர் சேர்ந்து தூக்கினார்கள். பாபநாசம், ஐயம்பேட்டை வழியாகச் சுமார் 40 கிலோமீட்டர் குலுங்கிக் குலுங்கிச் சென்றோம். இறக்கிப் பார்த்தபோது உப்பு ஜாடியில் ஒரு விரிசல். அது பாட்டி தம் திருமணத்தின்போது கொண்டு வந்த ஜாடி. "பாட்டியிடம் சொல்லாதே" என்று பெரியம்மா எனக்குச் சைகை காட்டினார். விரிசலை அரக்கு வைத்து அடைத்து, அப்பக்கம் சுவரை நோக்கியிருக்குமாறு வைத்துவிட்டார்.

பிறகு இடம் பிடிக்கும் போட்டி தொடங்கிற்று. புது வீட்டில் அறைகள் நான்கு. அவை நேர்கோட்டிலும் இல்லை. ஒரு நடையின் இருபுறமும் திரும்பித் திரும்பி அமைந்திருந்தன. குழந்தைகளாகிய நாங்கள் சன்னலோரத்திற்குச் சண்டையிட்டோம். பெரியவர்கள் அலமாரித் தட்டுகளைப் பங்கிட்டுக் கொண்டார்கள். எங்கே படுக்கை வேண்டும் என்று பாட்டியை மட்டும் எவரும் கேட்கவில்லை. அவரும் ஒன்றும் சொல்லாமல் காட்டிய மூலையில் பாயை விரித்துக் கொண்டார்.

என் புத்தகப் பெட்டி நடையில் கிடந்தது. கனத்த டிரங்குப் பெட்டி. "உள்ளே எடுத்து வை" என்று தந்தையார் இரண்டு முறை சொன்னார். "நாளைக்கு வைக்கிறேன்" என்றேன் நான்.

இரண்டாம் நாள் விடியுமுன் ஓர் ஓசை கேட்டு வீடு முழுவதும் விழித்துக் கொண்டது. பாட்டி நடையில் விழுந்து கிடந்தார். நெற்றியில் குருதி. அருகில் என் பெட்டி. அன்று என்னை எவரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

மருத்துவர் நெற்றியில் தையல் இட்டுவிட்டு, பாட்டியின் கண்களை விளக்கொளியில் உற்று நோக்கினார். இரு கண்ணிலும் புரை முற்றியிருக்கிறது என்றும், வெளிச்சமும் நிழலும் தவிர அவருக்கு வேறொன்றும் தெரியாது என்றும் சொன்னார். நாங்கள் திகைத்துப் போனோம். ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தும் பன்னிருவரில் ஒருவரும் அதை அறியவில்லை.

"ஏன் சொல்லவில்லை?" என்று பெரியப்பா கேட்டார்.

"சுவருக்கே பணம் இல்லாதபோது கண்ணுக்கு எங்கே போவாய்? அந்த வீட்டில் எனக்குக் கண் தேவைப்படவில்லையடா. பாயிலிருந்து முற்றத்துத் தூணுக்குப் பன்னிரண்டு அடி. அங்கிருந்து அடுக்களைப் படிக்கு ஏழு அடி. உப்பு எங்கே, புளி எங்கே என்று கைக்குத் தெரியும். இங்கே காலுக்கும் ஒன்றும் தெரியவில்லை, கைக்கும் ஒன்றும் தெரியவில்லை" என்றார் பாட்டி.

வீட்டிற்குத் திரும்பியதும் பெரியம்மா ஒரு சொல்லும் பேசாமல் அடுக்களைத் தட்டுகளில் இருந்த அனைத்தையும் கீழே இறக்கினார். பாட்டியை அருகில் அமர்த்திக்கொண்டு, "அங்கே புளி எந்தப் பக்கம் இருக்கும்? எண்ணெய் எந்தத் தட்டில்?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுப் பழைய வரிசையிலேயே அடுக்கினார். பாட்டியின் படுக்கை கொல்லைக் கதவுக்கு அண்மையில் மாற்றப்பட்டது. அங்கிருந்து கிணற்றடி வரை சித்தப்பா கயிறு கட்டினார். எடுத்த பொருளை எடுத்த இடத்திலேயே வைக்க வேண்டும். நடையில் எதுவும் இருத்தல் கூடாது. இவ்விரண்டும் வீட்டின் சட்டங்கள் ஆயின. இரவு அனைவரும் படுத்தபின் விளக்கோடு அந்நடையைப் பார்த்து வரும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக் கொண்டேன். சில நாட்களில் பாட்டி புது வீட்டையும் அடியெண்ணிக் கற்றுக் கொண்டார்.

அடுத்த ஆண்டு அவருக்கு அறுவை மருத்துவம் நடந்தது. இன்று புரை நீக்கிய கண்ணுக்குள்ளேயே சிறு செயற்கை வில்லையைப் பொருத்திப் பெரும்பாலும் அன்றே வீட்டிற்கு அனுப்பி விடுகிறார்கள். அந்நாளில் அவ்வசதி இல்லை. பல நாள் அசையாமற் படுத்திருந்து, பின்னர்க் கனத்த மூக்குக்கண்ணாடி அணிய வேண்டும். அக்கண்ணாடியோடு வீடு திரும்பிய பாட்டி நேரே அடுக்களைக்குச் சென்றார். உப்பு ஜாடியைத் திருப்பிப் பார்த்து, "அரக்கு வைத்த இடத்தை முதல் நாளே தடவிப் பார்த்துவிட்டேன். உன் மனம் வருந்துமே என்றுதான் கேட்கவில்லை" என்று பெரியம்மாவிடம் சொன்னார். இருவரும் சிரித்தார்கள். சிரிப்பினிடையே பெரியம்மாவின் கண்கள் கலங்கியதையும் கண்டேன்.

மாணவச் செல்வங்களே! திருக்குறளில் இல்வாழ்க்கை என்னும் அதிகாரத்தை நீங்கள் படித்திருப்பீர்கள். அப்பத்துக் குறட்பாக்களில் சுவரைப் பற்றியோ கூரையைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. இல்வாழ்வான் யார் யாருக்குத் துணையாக நிற்க வேண்டும் என்பதே அங்குப் பேசப்படுகிறது. தமக்கு வேண்டிய இடத்தைப் பிடித்துக் கொள்வது குடிபுகுதல் ஆகாது. நம்மோடு இருப்பவர் இடறாமல் நடக்க வழிவிடுவதே குடிபுகுதல் என்பதை எனக்கு உணர்த்தியது ஒரு டிரங்குப் பெட்டி.

நாளை நீங்கள் கல்லூரி விடுதிக்குச் செல்வீர்கள்; வேலை கிடைத்து வேற்றூர் செல்வீர்கள்; உங்களுக்கென ஒரு வீடும் அமைப்பீர்கள். அங்கே பெட்டியைத் திறக்குமுன் அதனை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று ஒருமுறை பாருங்கள். அவ்வழியே இருளில் நடந்து வருபவர் எவரேனும் இருக்கக்கூடும்.