மனு எழுதிய கைகள்

(தென்னேரியில் ஓய்வு பெற்ற ஆயர்களுக்கு நம் பழைய மாணவர் சங்கம் நடத்திய பாராட்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

சங்கச் செயலாளர் போன் செய்து, "தம்பி, பாராட்டுரை நீங்கதான். பத்து நிமிஷம். அதுக்கு மேலே போகாதீங்க" என்றார். நான் என்ஜினீயர். பாலத்துக்கு எஸ்டிமேட் போடச் சொன்னால் போடுவேன். மேடைப் பேச்சு எனக்குப் பழக்கமில்லை. இருந்தும் ஒப்புக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இந்த விழாவைத் தாம்பரத்திலேயே, கல்லூரி வளாகத்திலேயே நடத்தக்கூடாதா என்று சிலர் கேட்டார்கள். நடத்தலாம். ஆனால் இந்த மூன்று ஆயர்களும் இந்த ஏரியைச் சுற்றியுள்ள சபைகளில் உழைத்தவர்கள். அவர்களைத் தெரிந்த ஜனங்கள் இங்கேதான் இருக்கிறார்கள். அதனால் நாம் இங்கே வந்தோம்.

நம் கல்லூரிக்கும் இந்த மண்ணுக்கும் உள்ள உறவு பழையது. 1837-ல் ஜான் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்து குரு சென்னை ஆர்மீனியன் தெருவில் ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். அதுதான் வளர்ந்து சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி ஆயிற்று. 1839-லேயே காஞ்சிபுரத்தில் ஒரு கிளை. அவர் பெயரில் அந்தப் பள்ளி இன்றும் நடக்கிறது. 1841-ல் மாணவர் சிலர் ஞானஸ்நானம் பெற்றதும் பெற்றோர்கள் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். பள்ளியே வெறிச்சோடிப் போயிற்று. மனுஷர் அசையவில்லை. 1855-ல் இறக்கும்வரை இந்த வேலையை விடவில்லை. அடுத்து டாக்டர் மில்லர். 1862-ல் வந்தார், 1907-ல் பதவியை விட்டார். அவர் உயிரோடிருக்கும்போதே பழைய மாணவர்கள் சிலை வைத்தார்கள்.

ஆண்டர்சனுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது. மில்லருக்குச் சிலை இருக்கிறது. ஆனால் ஆதாம் ஆண்ட்ரூ என்ற பெயரை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? நான் கல்லூரியில் படித்த மூன்று வருஷத்தில் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை.

அவரும் அதே மிஷனைச் சேர்ந்த குருதான். செங்கற்பட்டில் பல ஆண்டுகள் ஊழியம் செய்தார். அப்போது இந்த ஜில்லாவில் மிராசு முறை. நிலம் மிராசுதாரருடையது, அதில் உழைக்கிற சேரி ஜனங்களுக்குக் குடியிருக்கும் குடிசை மண்கூடச் சொந்தமில்லை. கூலி போதவில்லை என்று வாய் திறந்தால், "என் மனையைக் காலி பண்ணு" என்று சொல்லிவிடலாம். தரிசு நிலத்துக்கு விண்ணப்பம் போட்டாலும் மிராசுதாரருக்குத்தான் முதல் உரிமை.

ஆண்ட்ரூ இதைப் பார்த்தார். திருவள்ளூர்ப் பக்கம் வெஸ்லியன் மிஷனில் இருந்த வில்லியம் கௌடி என்பவரும் பார்த்தார். இருவரும் பிரசங்கத்தோடு நிற்கவில்லை. எழுதினார்கள். அரசாங்கத்துக்கு எழுதினார்கள், பத்திரிகைக்கு எழுதினார்கள். 1891-ல் செங்கற்பட்டுக் கலெக்டர் ட்ரெமென்ஹீர் சேரி மக்களின் நிலைமையைப் பற்றி ஓர் அறிக்கை கொடுத்தார். வருவாய் வாரியம் அதை எளிதில் ஏற்கவில்லை. கடைசியில் 1892 செப்டம்பர் 30-ந் தேதி 1010-ஆம் எண் அரசாணை வந்தது. இன்று நாம் பஞ்சமி நிலம் என்று சொல்வது அதிலிருந்து வந்ததுதான். பத்து வருஷம் விற்கக்கூடாது, அதற்குப் பிறகும் அந்த மக்களுக்குள்ளேதான் கைமாற வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த நிலம். மாகாணம் முழுக்கச் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்கிறார்கள்.

மதம் மாற்றத்தான் இந்தப் பாடு என்று அப்போதே பேசினார்கள். அவர்கள் மிஷனரிகள்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த அரசாணை சபைப் பதிவேட்டைப் பார்த்து நிலம் கொடுக்கவில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வாயில்லாத ஜனங்களுக்கு வெள்ளைக்காரக் குரு வாயானார் என்று மட்டும் சொன்னால் அது பொய். அதே காலத்தில் அயோத்திதாசப் பண்டிதர் மாநாடு கூட்டிக் கோரிக்கை வைத்தார். இதே ஜில்லாவில், மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் பத்திரிகையே நடத்தினார். கேட்டவர்கள் இந்த மண்ணின் ஜனங்கள்; கூட நின்று எழுதியவர்கள் அந்தக் குருமார்கள்.

அரசாணை வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. 102 வருஷம் கழித்து, 1994 அக்டோபர் 10-ந் தேதி, காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்தைத் திரும்பக் கேட்ட போராட்டத்தில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு பேர் செத்துப்போனார்கள். ஆக, காகிதத்தில் வாங்கியதைக் கையில் வாங்க ஒவ்வொரு தலைமுறையிலும் யாராவது உட்கார்ந்து மறுபடி மனு எழுத வேண்டியிருக்கிறது.

அந்த வேலையைச் செய்தவர்கள்தான் இந்த மேடையில் இருக்கிறார்கள். அவர்களுக்கு முன்னே செய்தவர்கள் சபை உபதேசியார்கள். அவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. திரையனேரி என்பதுதான் தென்னேரி ஆயிற்று என்று இங்கே சொல்வார்கள். ஏரி நிரம்பிவிட்டால் எல்லாரும் கரைமேல் ஏறிப் பார்க்கிறோம். வரத்துக்கால்வாயில் இறங்கித் தூர் வாரியவனை யார் பார்த்தது?

என் வீட்டுக் கதை ஒன்று சொல்கிறேன். எங்கள் வீடு சபையைச் சேர்ந்த வீடே இல்லை. எங்கள் ஆயாவுக்கு அவள் குடியிருந்த மனைக்குப் பட்டா இல்லை. இந்த மேடையில் நடுவில் உட்கார்ந்திருக்கிறாரே, அந்த ஆயர் ஐயா அப்போது இங்கே இருந்தார். சைக்கிளை வாசலில் சாத்திவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மனு எழுதுவார். ஒரு தடவை இல்லை, நாலு தடவை. ஓர் அலுவலகத்தில், "அப்படி ஒரு மனுவே வரலியே" என்று கையை விரித்துவிட்டார்கள். ஐயா சிரித்துக்கொண்டே கார்பன் காப்பியை எடுத்து நீட்டினார். "ஆயா, நீ அழுதா கேக்கமாட்டாங்க. பேப்பர் பேசினாத்தான் கேப்பாங்க. பத்திரமா வெச்சுக்கோ" என்பார்.

பட்டா வந்தது. ஆயா ஒரு கோழியைத் தூக்கிக்கொண்டு போய் நின்றாள். "பேரனுக்கு அடிச்சுப் போடு ஆயா, படிக்கிற பையன்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அந்தப் பையனைத்தான் பிறகு வாலாஜாபாத்தில் ரயிலேற்றித் தாம்பரத்துக்குக் கூட்டிப்போய் நம் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியலில் சேர்த்தார். அங்கிருந்து பி.இ. இரண்டாம் வருஷத்தில் நேரே சேர்ந்து என்ஜினீயர் ஆனேன்.

இன்னொரு விஷயம். நாலைந்து வருஷத்துக்கு ஒரு மாற்றல். ஆயர் இல்லத்தில் வேப்பங்கன்று வைப்பார்கள், நிழல் அடுத்தவருக்கு. ஊர் ஜனங்களுக்கு மனைக்காக நடந்தவர், ஓய்வு பெற்ற அன்று ஆயர் இல்லத்துச் சாவியைக் கொடுத்துவிட்டு வாடகை வீடு தேடினார். ஆயரம்மா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. நான் சொல்கிறேன், ஏனென்றால் யாராவது சொல்ல வேண்டும்.

இப்போது சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். பொன்னாடை போர்த்துகிறோம், பணமுடிப்பு கொடுக்கிறோம், நல்லதுதான். அதோடு மாதம் ஒரு சனிக்கிழமை நம்மில் இரண்டு பேர் இங்கே வந்து உட்காருவோம். வக்கீல் இருக்கிறார், சர்வே தெரிந்த நான் இருக்கிறேன், வருவாய்த் துறையில் ஓய்வு பெற்ற அண்ணன்கள் இருக்கிறார்கள். 'அ' பதிவேடு படிக்கவும், அடங்கல் பார்க்கவும், மனு எழுதவும் தெரிந்தவர்கள் நம்மிடம் குறைவில்லை. இந்த ஐயாமார்களுக்கு அதைவிடப் பெரிய மாலை இல்லை. முதல் சனிக்கிழமைக்கு என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசியில் சொல்கிறேன் என்றேனே, அந்தக் காரணம். எனக்கு வெளி மாநிலத்தில் வேலை கிடைத்த புதிதில் ஐயாவிடமிருந்து ஒரு இன்லண்டு லெட்டர் வந்தது. நாலே வரி. "உங்க ஆயா வீட்டு ஓடு ஒழுகுது. பணம் கேக்கல. ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போ" என்று. நான் பணம் அனுப்பினேன். போகவில்லை. அந்தக் கடிதத்துக்குப் பதிலும் எழுதவில்லை. அடுத்த மழைக்கு முன்னே ஆயா போய்விட்டாள்.

ஐயா, இத்தனை வருஷம் கழித்து இன்றுதான் பதில் சொல்ல வந்திருக்கிறேன். தாமதத்தை மன்னிக்க வேண்டும். வந்துவிட்டேன் ஐயா.