நகக்கண்ணில் வாழும் பகை



நூலுக்குப் பேர்போனது நமது கொங்கு நாடு. 1888 ஆம் ஆண்டில் கோவையில் முதல் நூற்பாலை எழுந்த நாள் தொட்டுப் பஞ்சும் நூலும் நம் வாழ்வோடு பின்னிக் கிடக்கின்றன. சோமனூரிலும் பல்லடத்திலும் விசைத்தறிகளின் ஓசை கேட்கிறது. திருப்பூரின் தெருக்களில் பனியன் துணியின் வெட்டுத் துண்டுகள் குவிந்து கிடக்கின்றன. இத்தகைய நாட்டில் ஒரு துண்டு வெண்ணூலைக் கண்டு அஞ்சுவார் யாரும் இலர். ஆனால், நள்ளிரவில் வீறிட்டு அழுது எழும் குழந்தையை மடியில் கிடத்தி, கைவிளக்கை அருகே பிடித்துப் பார்க்கும் தாய் ஒருத்தி, அதன் ஆசனவாயருகே அப்படிப்பட்ட வெண்ணூல் துண்டு ஒன்று நெளிவதைக் கண்டால் திடுக்கிட்டுப் போகிறாள். அந்த நெளியும் நூலைப் பற்றியே இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன். நூற்புழு என்று அதனை நூல்கள் கூறும். கீரிப்பூச்சி என்று மக்கள் வழங்குவர்.

'இதையெல்லாம் பலரறியப் பேசலாமா?' என்று உங்களுள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். பேசாமல் இருப்பதுதான் இப்பூச்சிக்கு நாம் அளிக்கும் முதல் உதவி. பேச நாணுகின்ற காரணத்தால் மருத்துவரிடம் சொல்வதில்லை. சொல்லாத காரணத்தால் வழி தெரிவதில்லை. வழி தெரியாத காரணத்தால் வீட்டில் ஒருவரை ஒருவர் குறை கூறத் தொடங்குகிறோம்.

ஒரு வீட்டை மனக்கண்முன் நிறுத்திப் பாருங்கள். சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு லைன் வீடு. ஒரே அறை, ஒரே பாயில் மூன்று குழந்தைகள். தந்தை இரவு ஷிப்டுக்குப் போயிருக்கிறார். ஐந்து வயதுச் சிறுவன் தூக்கத்திலேயே சொறிந்துகொண்டு புரள்கிறான். பாட்டி கண் விழித்து மருமகளிடம் சொல்கிறாள்: "அம்மிணி, பையனுக்குச் சக்கரை சக்கரையாக் குடுத்தா வயித்துல பூச்சி வைக்காம என்ன செய்யும்?" மருமகளோ, "இல்லீங்க அத்தை, போன மாசந்தானே மாத்திரை குடுத்தேன்? மறுபடியும் வந்துருச்சுங்களே!" என்று கண் கலங்குகிறாள். சிறுவனோ, சொறிந்த குற்றத்திற்காக முதுகில் ஓர் அடி வாங்கிக்கொண்டு விம்மி விம்மி உறங்கிப் போகிறான்.

இந்தக் காட்சியில் குற்றவாளி யார்? சர்க்கரையா? மாத்திரையா? தாயா? சிறுவனா? நால்வரும் அல்லர் என்பதே உண்மை. அதனை உணர வேண்டுமானால் அந்தப் பூச்சியின் வாழ்க்கையைச் சற்று நெருங்கிக் காண வேண்டும்.

பெண் நூற்புழு 8 முதல் 13 மில்லிமீட்டர் வரை நீளமுடையது. ஏறத்தாழ ஒரு நெல்மணியின் நீளம், அல்லது அதனினும் சற்றுக் கூடுதல். ஆண்புழு அதனிலும் மிகச் சிறியது. இவை பெருங்குடலின் தொடக்கத்தில் ஒட்டி வாழ்கின்றன. சினை முற்றிய பெண்புழு, மனிதன் அயர்ந்து உறங்கும் இரவு வேளையில் கீழிறங்கி ஆசனவாய்க்கு வெளியே வருகிறது. அங்குள்ள தோலின் மடிப்புகளில் பதினாயிரத்துக்கும் மேற்பட்ட முட்டைகளை இட்டுவிட்டு மடிகிறது. அந்த முட்டை ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு, கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஒட்டும் தன்மை உடையது. புழு ஊர்வதாலும், முட்டைகளோடு ஒட்டிய பசையாலும் தாங்கொணா அரிப்பு எழுகிறது. குழந்தை சொறிகிறது. சொறிந்த விரலின் நகக்கண்ணில் முட்டைகள் குடியேறுகின்றன.

இனித்தான் வியப்பு இருக்கிறது. உருளைப்புழு, சாட்டைப்புழு ஆகியவற்றின் முட்டைகள் மண்ணில் பல நாள் கிடந்து முற்றினால்தான் பிறரைத் தொற்ற முடியும். கொக்கிப்புழுவின் இளம் உயிரும் மண்ணில் வளர்ந்தே நம் பாதத்தின் வழியே ஏறுகிறது. நூற்புழுவோ மண்ணை நாடுவதே இல்லை. அதன் முட்டை நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் தொற்றும் வலிமை பெற்றுவிடுகிறது. நள்ளிரவில் இட்ட முட்டை, விடியற்காலையில் குழந்தை விரலை வாயில் வைக்கும்போது ஆயத்தமாக இருக்கிறது! தம்பி தொட்ட தின்பண்டத்தில் அக்காளுக்கும், பாயை உதறியபோது எழுந்த தூசியில் தாய்க்கும் அது போய்ச் சேர்கிறது. விழுங்கப்பட்ட முட்டை சிறுகுடலில் பொரித்து, பெருங்குடலில் வளர்ந்து, ஏறத்தாழ ஒரு திங்களில் தானே முட்டையிடும் தாயாகிறது. நாய்க்கும் பூனைக்கும் இதில் பங்கில்லை. இது மனிதனிலிருந்து மனிதனுக்கே பரவுவது.

இப்போது பாட்டியின் குற்றச்சாட்டை எண்ணிப் பாருங்கள். கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரையை எவ்வளவு தின்றாலும் அதிலிருந்து புழு பிறக்காது. முட்டை இன்றிப் புழு இல்லை. அவ்வாறே நல்ல தண்ணீர் குடித்தால் போதும் என்று எண்ணுவதும் பிழை. சிறுவாணித் தண்ணீரின் தூய்மையும் சுவையும் யாவரும் அறிந்தவை. ஆயினும் அந்த நீரை அள்ளிக் குடிக்கும் கையின் நகத்தில் முட்டை இருந்தால் சிறுவாணி என்ன செய்யும்? இந்நோய் ஏழைக்கு மட்டுமே உரியது என்பதும் உண்மையன்று. செல்வம் மிக்க ஐரோப்பிய, அமெரிக்க நாடுகளிலும் குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்படும் குடற்புழு இதுவே. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக் குகைகளில் கிடைத்த, சுமார் பதினாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட உலர்ந்த மனித மலத்தில் இதன் முட்டைகள் காணப்பட்டதாக 1969 இல் அறிஞர்கள் எழுதினார்கள். அவ்வளவு பழைய உறவு இது! ஆதலின், ஒரு வீட்டில் இப்பூச்சி தோன்றியது என்பதனால் அவ்வீட்டுத் தாயைத் துப்புரவற்றவள் என்று பழிப்பது அறமும் ஆகாது, அறிவும் ஆகாது.

அடுத்து, 'மாத்திரை கொடுத்தும் மறுபடி வந்துவிட்டதே' என்ற தாயின் புலம்பலுக்கு விடை காண்போம். இங்கு ஓர் எளிய கணக்கு இருக்கிறது. அல்பெண்டசோல், மெபெண்டசோல் ஆகிய மருந்துகள் குடலிலுள்ள புழுக்களைக் கொல்கின்றன. ஆனால் முட்டைகளை அவை உறுதியாகக் கொல்வதில்லை. பாயிலும் உடையிலும் நகத்திலும் கிடக்கும் முட்டைகளையோ மருந்து தொடவே இயலாது. குளிர்ந்த, ஈரமான இடத்தில் அம்முட்டைகள் இரண்டு மூன்று வாரங்கள் வரை உயிரோடிருக்கும். ஆகவே, இன்று மருந்து உண்ட குழந்தை நாளையே ஒரு முட்டையை விழுங்கினால், அடுத்த திங்களில் அரிப்பு மீண்டும் வருகிறது. மருந்து தோற்கவில்லை; வேலையை நாம் பாதியில் நிறுத்திவிட்டோம்.

இதனால்தான் இரண்டு வாரம் கழித்து இரண்டாம் முறை மருந்து உண்ண வேண்டும் என்று மருத்துவர் கூறுகின்றனர். முதல் மருந்துக்குத் தப்பிய முட்டைகள் அதற்குள் பொரித்துப் புழுவாகியிருக்கும். ஆனால் தாமே முட்டையிடும் பருவத்தை எய்தியிரா. முட்டையிட ஒரு திங்கள் வேண்டும். நாமோ பதினான்காம் நாளில் அவற்றை முந்திக்கொள்கிறோம்.

இன்னொன்றையும் மறவாதீர்கள். சொறிகின்ற குழந்தைக்கு மட்டும் மருந்து கொடுப்பது, ஓட்டைக் குடத்தில் ஓர் ஓட்டையை மட்டும் அடைப்பது போன்றது. புழு இருந்தும் அரிப்பு இல்லாதவர் பலர். ஆகையால் வீட்டிலுள்ள அனைவரும் ஒரே நாளில் மருந்து உண்ணுதல் வேண்டும். கருவுற்ற பெண்களும், இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளும் மருத்துவரைக் கேட்டே உண்ண வேண்டும். யாருக்கு எவ்வளவு என்பதை அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுத் தெளியலாம். பெண் குழந்தைகளுக்குச் சில வேளை இப்புழு பிறப்புறுப்பின் பக்கம் ஊர்ந்து அங்கும் எரிச்சல் உண்டாக்கும். அதனையும் நாணாமல் மருத்துவரிடம் கூற வேண்டும்.

புழு இருக்கிறதா என்று ஐயுறுவோர்க்கு ஓர் எளிய சோதனை உண்டு. மலத்தைச் சோதித்தால் இதன் முட்டை பெரும்பாலும் அகப்படுவதில்லை. முட்டைகள் வெளித்தோலில் அல்லவா இடப்படுகின்றன? எனவே, காலையில் குழந்தை எழுந்தவுடன், கழுவுவதற்கு முன், ஒளி ஊடுருவும் ஒட்டுநாடாவை ஆசனவாயைச் சுற்றி மெல்ல ஒற்றி எடுத்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, நுண்பெருக்கியில் காண்பர். 1941 இல் கிரகாம் என்பவர் வெளியிட்ட முறையிலிருந்து வளர்ந்தது இது. தொடர்ந்து மூன்று காலை செய்தால் பெரும்பாலும் உண்மை வெளிப்பட்டுவிடும்.

'வேப்பெண்ணெயில் ஒரு சங்கு புகட்டினால் போதுமே!' என்று கூறும் பெரியோர் நம் ஊர்களில் இன்றும் உண்டு. வேம்பின்பால் நமக்குள்ள அன்பு பெரிது. ஆயினும் பச்சிளங் குழந்தைக்கு வேப்பெண்ணெய் புகட்டுவது பெருந்தீங்கு. அவ்வாறு புகட்டப்பெற்ற மலேசியக் குழந்தைகள் சிலர் வாந்தியும் வலிப்பும் மயக்கமும் உற்ற செய்தியை 1981 இல் மருத்துவ ஏடு ஒன்று வெளியிட்டது. சிறு அரிப்பைத் தீர்க்கப் போய் உயிருக்கு ஊறு தேடலாமா? நூற்புழு தொல்லை தருமேயன்றி, பொதுவாக உயிரைக் குடிப்பதன்று. பெற்றோர் அச்சத்தால் செய்யும் வைத்தியமே அதனினும் கொடியதாகிவிடக் கூடாது.

2015 முதல் நம் நாட்டில் தேசியக் குடற்புழு நீக்க நாள் கடைப்பிடிக்கப்பட்டு வருவதை நீங்கள் அறிவீர்கள். பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் அல்பெண்டசோல் மாத்திரை வழங்கப்படுகிறது. அத்திட்டம் முதன்மையாக மண்வழிப் பரவும் புழுக்களை நோக்கி வகுக்கப்பட்டது. அவற்றுள் கொக்கிப்புழு இரத்தத்தை உறிஞ்சிக் குழந்தைகளைச் சோகைக்கு ஆளாக்குவது. ஆகவே அந்த மாத்திரையை அவசியம் உண்ணுங்கள். ஆனால் பள்ளியில் ஒரு நாள் உண்ட ஒரு மாத்திரை, வீட்டுப் பாயில் கிடக்கும் நூற்புழு முட்டைகளை ஒழித்துவிடும் என்று நம்பிவிடாதீர்கள். அந்தப் போரை வீட்டில்தான் நடத்த வேண்டும்.

அந்தப் போருக்குப் படைக்கலங்கள் எவை? முதலாவது, நகவெட்டி. வீட்டில் அனைவர் நகமும் ஒட்ட வெட்டப்பட வேண்டும். இரண்டாவது, சவர்க்காரம். மலங்கழித்த பின்னும், உண்ணும் முன்னும், காலையில் எழுந்தவுடனும் நகக்கண் வரை தேய்த்துக் கழுவ வேண்டும். மூன்றாவது, காலைக் குளியல். நம்மவர் வாரம் ஒரு முறை எண்ணெயும் அரப்பும் தேய்த்து நீராடுவது நல்ல வழக்கம். ஆனால் இரவில் இட்ட முட்டைகளை நீக்க நாள்தோறும் விடியலிலேயே நீர் ஊற்றிக் கழுவுதல் இன்றியமையாதது. நான்காவது, உள்ளாடை. இரவில் இறுக்கமான உள்ளாடை அணிவித்தால் விரல் நேரே தோலைத் தொடாது. காலையில் அதனை மாற்றிவிட வேண்டும். ஐந்தாவது, வெந்நீரும் வெயிலும். மருந்து உண்ட அன்றே பாய் விரிப்பு, போர்வை, உடை ஆகியவற்றை உதறாமல் சுருட்டி எடுத்து, வெந்நீரில் துவைத்து, நல்ல வெயிலில் உலர்த்துங்கள். ஈரமும் குளிர்ச்சியும் இம்முட்டைக்கு நண்பர்கள். காய்ச்சலும் வெயிலும் பகைவர்கள். கொங்கு நாட்டில் வெயிலுக்கு என்ன பஞ்சம்? தரையை வறட்டுத் துடைப்பத்தால் பெருக்கித் தூசி கிளப்புவதினும் ஈரத் துணியால் துடைத்தெடுப்பது நன்று.

இவற்றை ஒரு நாள் ஆர்வத்தில் செய்துவிட்டு மறந்தால் பயனில்லை. முதல் மருந்திலிருந்து இரண்டாம் மருந்து வரை இரண்டு வாரம். அதன்பின் மேலும் இரண்டு வாரம். இவ்வளவுதான் தவம்.

மாணவ நண்பர்களே! இரவு ஷிப்டு முடிந்து அயர்ந்து வரும் தந்தைக்கும், விடியலில் வேலைக்கு ஓடும் தாய்க்கும் இக்கணக்கை எடுத்துச் சொல்ல வீட்டில் நீங்களே இருக்கிறீர்கள். நாட்காட்டியில் இரண்டாம் மருந்துக்குரிய நாளைக் குறித்து வையுங்கள். ஞாயிறுதோறும் தம்பி தங்கையரின் நகங்களை வெட்டிவிடுங்கள். பாட்டியிடம், "ஆத்தா, சர்க்கரை மேல குத்தமில்லீங்க, நகத்து மேலதானுங்க குத்தம்" என்று பணிவோடு சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, இரவில் சொறிந்துகொண்டு அழும் குழந்தையை எவரேனும் அடிக்கக் கை ஓங்கினால், அந்தக் கையைப் பிடித்து நிறுத்துங்கள். அது செய்தது குறும்பன்று. அது படுவது துன்பம். அந்தத் துன்பத்தைத் தீர்க்கும் வழி உங்கள் கையிலேயே, உங்கள் நகக்கண்ணிலேயே இருக்கிறது.